எந்தக் கம்ப்யூட்டரிலும் கோவை, கோவையாகவே தெரிய வேண்டும்!

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் எல்லாரும் ஒரு முறையாவது சந்தித்திருப்பார்கள். ஆசையாக ஒரு புரோகிராமை டவுன்லோட் செய்து, இன்ஸ்டால் செய்து, ஐகானில் டபுள் கிளிக் செய்கிறோம். புரோகிராம் திறப்பதற்குப் பதிலாக ஒரு சிறிய கட்டம் எட்டிப் பார்க்கிறது. எம்.எஸ்.வி.சி.பி.140 என்ற டி.எல்.எல். பைல் உங்கள் கம்ப்யூட்டரில் இல்லை, எனவே இந்த புரோகிராமை இயக்க முடியாது என்ற பொருளில் ஆங்கிலத்தில் ஒரு வரி. ஓகே பட்டனை அழுத்துவதைத் தவிர வேறு வழியில்லை.

இன்னொரு தொல்லையும் உண்டு. நீங்கள் அழகாகத் தமிழில் டைப் செய்து அனுப்பிய கடிதம், நண்பரின் கம்ப்யூட்டரில் திறந்தால் கால் ஒரு பக்கம், கொம்பு ஒரு பக்கம் எனச் சிதறிக் கிடக்கும். சில இடங்களில் வெறும் கட்டங்கள், சில இடங்களில் புள்ளிகளால் ஆன வட்டங்கள். இப்போது இது குறைந்துவிட்டது என்றாலும், பழைய சிஸ்டம் வைத்திருப்பவர்களைக் கேட்டுப் பாருங்கள், கதை கதையாகச் சொல்வார்கள்.

முதல் தொல்லைக்கும் இரண்டாவது தொல்லைக்கும் சம்பந்தமே இல்லை என்றுதான் தோன்றும். ஆனால் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். அது ஷேர்டு லைப்ரரி, அதாவது பல புரோகிராம்கள் பொதுவாகப் பயன்படுத்தும் பைல். இதைச் சரியாகப் புரிந்துகொண்டால், கம்ப்யூட்டரில் தமிழ் எப்படி வளர்ந்தது, இனி எப்படி வளர வேண்டும் என்பதும் புரிந்துவிடும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தமிழுக்குப் புதிய பான்ட், புதிய கீபோர்டு, புதிய எடிட்டர் என்று ஆளாளுக்குச் செய்தது போதும். எல்லா ஆப்பரேட்டிங் சிஸ்டத்திலும் ஒரே மாதிரி இயங்கும் பொது லைப்ரரிகளை எழுதுவதில்தான் இனி நம் உழைப்பு போக வேண்டும்.

லைப்ரரி என்றால் என்ன?

நம் சோமனூர், பல்லடம் பக்கம் போய்ப் பாருங்கள். வீட்டுக்கு வீடு விசைத்தறி ஓடுகிறது. ஆனால் பாவு நூலுக்குக் கஞ்சி ஏற்ற ஒவ்வொரு தறிக்காரரும் தனியாக மிஷின் வைத்துக்கொள்வதில்லை. அந்த வேலையைச் சைசிங் மில் செய்கிறது. அங்கே கஞ்சி ஏற்றி, பீமில் சுற்றித் தருகிறார்கள். தறிக்காரர் அதை வாங்கி மாட்டி ஓட்டுகிறார். ஒரு சைசிங் மில், பல தறிகள்.

ஷேர்டு லைப்ரரியும் அப்படித்தான். எழுத்தைத் திரையில் வரைவது, ஜிப் பைலைப் பிரிப்பது, படத்தைத் திறப்பது போன்ற வேலைகள் எல்லா புரோகிராமுக்கும் தேவை. ஒவ்வொரு புரோகிராமும் இதைத் தனித்தனியாக எழுதாமல், ஒரு பொது பைலில் எழுதி வைத்து, வேண்டும்போது அழைத்துக்கொள்கின்றன. விண்டோஸில் இந்த பைலின் பெயர் டி.எல்.எல். என்று முடியும். லினக்ஸில் எஸ்.ஓ. என்றும், ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டரில் டைலிப் என்றும் முடியும். பெயர்தான் வேறு, வேலை ஒன்றே.

சைசிங் மில் இல்லாவிட்டால் தறி நிற்கும். அதே போல அந்த டி.எல்.எல். பைல் இல்லாவிட்டால் புரோகிராம் நிற்கும். முதலில் சொன்ன எர்ரர் மெசேஜ் இதனால்தான் வருகிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். பீம் நன்றாக இருந்தால் மட்டும் போதாது. அது தறியின் அகலத்துக்கும் அமைப்புக்கும் பொருந்த வேண்டும். பொருந்தாத பீமை எவ்வளவு நல்ல நூலில் சுற்றினாலும் பயனில்லை. விண்டோஸுக்கான டி.எல்.எல். பைலை அப்படியே லினக்ஸில் போட்டால் ஓடாததும் இதனால்தான். எழுதியது ஒன்றாக இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு சிஸ்டத்துக்கும் பொருந்தும்படி தனித்தனியாக பில்ட் செய்ய வேண்டும். பில்ட் என்பது, மனிதர் எழுதிய சோர்ஸ் கோடை மிஷினுக்குப் புரியும் பைலாக மாற்றும் வேலை.

கோயம்புத்தூரில் எத்தனை எழுத்து?

எழுத்தைத் திரையில் காட்ட லைப்ரரி எதற்கு, பான்ட் இருந்தால் போதாதா என்று கேட்பீர்கள். ஆங்கிலத்துக்குப் பெரும்பாலும் பான்ட் மட்டுமே போதும். தமிழுக்குப் போதாது. ஒரு சிறிய சோதனை செய்து பாருங்கள்.

நோட்பேடைத் திறந்து கோயம்புத்தூர் என்று யூனிகோடில் டைப் செய்திடுங்கள். முதல் எழுத்துக்கு முன் கர்சரை வைத்து, வலது அம்புக்குறி கீயை ஒவ்வொரு முறையாகத் தட்டுங்கள். கோ, ய, ம், பு, த், தூ, ர் என 7 தாவலில் கடைசிக்கு வந்துவிடும். இப்போது கடைசியிலிருந்து பேக்ஸ்பேஸ் கீயைத் தட்டி அழித்துக்கொண்டே வாருங்கள். பெரும்பாலான புரோகிராம்களில் முழுவதும் அழிய 13 முறை தட்ட வேண்டியிருக்கும். முதல் தட்டலில் ர் எழுத்தின் புள்ளி மட்டும் போகும், அடுத்ததில்தான் ர போகும்.

ஏனென்றால் யூனிகோடில் இந்தச் சொல்லுக்கு 13 குறியீட்டு எண்கள் உள்ளன. மெய்யெழுத்து ஒன்றுக்கு உயிர்மெய் அகரமும் புள்ளியும் சேர்த்து இரண்டு எண்கள். பு, தூ, கோ போன்றவற்றுக்கும் இரண்டிரண்டு. தமிழில் எஸ்.எம்.எஸ். அனுப்பினால் 70 எழுத்திலேயே முதல் மெசேஜ் முடிந்துவிடுவதும், அதில் கோயம்புத்தூர் மட்டுமே 13 இடங்களைப் பிடித்துக்கொள்வதும் இதனால்தான்.

சிக்கல் இதோடு முடியவில்லை. கோ என்ற எழுத்தைப் பாருங்கள். கம்ப்யூட்டரின் மெமரியில் முதலில் க, அடுத்து ஓகாரக் குறி. ஆனால் திரையில் இரட்டைக் கொம்பு க எழுத்துக்கு முன்னாலும், கால் பின்னாலும் வர வேண்டும். ஒரு குறியைப் பிரித்து இரு பக்கமும் வைக்க வேண்டும். வை என்றால் பின்னால் உள்ள ஐகாரக் குறி முன்னால் வர வேண்டும். டு, மு, கூ, தூ போன்றவற்றில் எழுத்தின் வடிவமே மாற வேண்டும். இந்தப் பிரித்தல், இடமாற்றல், வடிவ மாற்றல் எல்லாவற்றையும் செய்வதற்கு ஒரு லைப்ரரி தேவை. அது இல்லையென்றாலோ, பழையதாக இருந்தாலோ, தமிழ் சிதறும். பான்ட் எவ்வளவு அழகாக இருந்தாலும் சிதறும்.

ஒரே கம்ப்யூட்டரில் பல தமிழ்

யூனிகோடில் தமிழுக்கு 1991லேயே இடம் ஒதுக்கிவிட்டார்கள். ஆனால் மைக்ரோசாப்ட் 2000ம் ஆண்டு வெளியிட்ட விண்டோஸ் 2000ல்தான் தமிழ் யூனிகோடும், அதற்கு லதா என்ற பான்டும் வந்தன. எழுத்தைக் கோக்கும் வேலையைச் செய்த லைப்ரரியின் பெயர் யுனிஸ்கிரைப். பைலின் பெயர் யு.எஸ்.பி.10 டி.எல்.எல். (பென் டிரைவ் மாட்டும் யு.எஸ்.பி.க்கும் இதற்கும் சம்பந்தமில்லை!)

அடுத்து 2001ல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியில் தமிழ் தெரிய வேண்டும் என்றால், கண்ட்ரோல் பேனலில் ரீஜனல் அண்ட் லாங்குவேஜ் ஆப்ஷன்ஸ் சென்று, காம்ப்ளக்ஸ் ஸ்கிரிப்ட் என்ற கட்டத்தில் டிக் செய்து, எக்ஸ்பி சிடியைப் போட வேண்டும். சிடி இல்லாதவருக்குத் தமிழும் இல்லை. இதே யுனிஸ்கிரைப் பைலின் வெவ்வேறு பதிப்புகள் இன்டர்நெட் எக்ஸ்புளோரருடனும், எம்.எஸ். ஆபீஸ் தொகுப்புடனும் தனியாக வந்தன. அதனால் ஒரே கம்ப்யூட்டரில் வேர்டில் ஒரு மாதிரியும், மற்ற புரோகிராமில் வேறு மாதிரியும் எழுத்து தெரிவது உண்டு. சிலர் புதிய பைலை எடுத்து விண்டோஸ் போல்டரில் போட்டுப் பார்ப்பார்கள். விண்டோஸ் தன் பாதுகாப்பு ஏற்பாட்டால் மறுபடியும் பழைய பைலையே கொண்டு வந்து வைத்துவிடும்.

சரி, லினக்ஸ் பக்கம் நிம்மதியா? அங்கும் இல்லை. நோம் டெஸ்க்டாப் புரோகிராம்களுக்குப் பாங்கோ என்ற லைப்ரரி. கே.டி.இ. டெஸ்க்டாப் புரோகிராம்களுக்கு க்யூட் லைப்ரரிக்குள்ளேயே தனி ஏற்பாடு. ஓபன் ஆபீஸுக்கு ஐ.சி.யு. என்ற மூன்றாவது லைப்ரரி. மூன்றிலும் தமிழ் விதிகளைத் தனித்தனியாக எழுதினார்கள். ஒன்றில் திருத்திய பிழை மற்ற இரண்டில் அப்படியே இருக்கும். ஒரே வீட்டில் மூன்று அடுப்பு, மூன்று சமையல் என்றால் உப்பு ஒரே அளவாகவா இருக்கும்?

தமிழக அரசு 2011 செப்டம்பர் 15ம் தேதி மாணவர்களுக்கு விலையில்லா லேப்டாப் வழங்கும் திட்டத்தைத் தொடங்கியது. தொடக்கத்தில் கொடுத்த லேப்டாப்களில் விண்டோஸும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரே லேப்டாப்பில் இரண்டு சிஸ்டம் என்றால், எழுத்தைக் கோக்கும் லைப்ரரியும் இரண்டு. மாணவர் ஒருவர் லினக்ஸில் எழுதிய தமிழ்க் கட்டுரை விண்டோஸிலும் அதே மாதிரி, அதே இடத்தில் வரி மடங்கித் தெரியும் என்பதற்கு அப்போது உத்தரவாதம் இல்லை.

கோவை மாநாடும் இரண்டு தீர்வுகளும்

இந்தக் கதையில் நம் ஊருக்கும் ஒரு முக்கியமான இடம் உண்டு. 2010 ஜூன் 23 முதல் 27 வரை கோவை கொடிசியா வளாகத்தில் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு நடந்தது அனைவருக்கும் நினைவிருக்கும். அதோடு சேர்ந்து தமிழ் இணைய மாநாடும் அங்கேயே நடந்தது. மாநாடு தொடங்கிய அதே 23ம் தேதி, தமிழக அரசு கம்ப்யூட்டரில் தமிழுக்கு யூனிகோடையும், டேஸ்16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்து ஆணை வெளியிட்டது.

டேஸ்16 என்ன சொல்கிறது? தமிழின் ஒவ்வொரு எழுத்துக்கும், உயிர்மெய் எழுத்துகளுக்கும் சேர்த்து, தனித்தனியாக ஒரே ஒரு எண் கொடுத்துவிடு என்கிறது. கோ என்றால் ஒரு எண், தூ என்றால் ஒரு எண். அப்படிக் கொடுத்துவிட்டால் பிரிக்கவோ இடம் மாற்றவோ தேவையில்லை. எழுத்தைக் கோக்கும் லைப்ரரியே வேண்டாம். கோயம்புத்தூர் என்றால் 7 எண்தான்.

கேட்க நியாயமாக இருக்கிறது. அன்றைய நிலையில் அச்சுத் தொழிலில் இருந்தவர்களின் தவிப்பு உண்மையானது. பேஜ்மேக்கரில் யூனிகோட் தமிழே வராது. அதனால்தான் திருப்பூர், ஈரோடு அச்சகங்களில் கல்யாணப் பத்திரிகை முதல் பில் புத்தகம் வரை பழைய பான்ட்களிலேயே காலம் ஓடியது. ஆனால் டேஸ்16க்கு ஒரு பெரிய குறை உண்டு. அது யூனிகோடில் யார் வேண்டுமானாலும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த தனிப் பயன்பாட்டுப் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. அந்த எண்களைத் தமிழ் என்று உலகத்தில் உள்ள மற்ற சாப்ட்வேர்கள் அறியாது.

ஆக, அன்று நம் முன்னால் இரண்டு வழிகள் இருந்தன. லைப்ரரி சரியில்லை என்பதால் லைப்ரரியே தேவைப்படாத குறியீட்டுக்கு மாறுவது ஒன்று. லைப்ரரியையே எல்லா சிஸ்டத்துக்கும் பொதுவாகச் சரி செய்வது இன்னொன்று. எந்த வழி ஜெயித்தது என்பதை அடுத்து வந்த ஆண்டுகள் காட்டிவிட்டன.

ஹார்ப்பஸ் செய்த வேலை

ஹார்ப்பஸ் என்பது எழுத்தைக் கோப்பதற்கான இலவச, ஓப்பன் சோர்ஸ் லைப்ரரி. ஈரானியரான பெஹ்தாத் எஸ்பஹ்போத் இதை முன்னின்று உருவாக்கினார். பெயரும் பாரசீக மொழிப் பெயர்தான். அவர் தாய்மொழியின் எழுத்தும் ஆங்கிலம் போல எளிதானது அல்ல, சேர்த்து எழுத வேண்டிய எழுத்து. வலி தெரிந்தவர் மருந்து தேடினார் எனலாம். பாங்கோவும் க்யூட்டும் தனித்தனியாகச் செய்த வேலையை ஒன்றாக்கும் முயற்சியாகத் தொடங்கி, பின்னர் முழுவதும் புதிதாக எழுதப்பட்டது.

இதில் எனக்கு மிகவும் பிடித்தது அதைச் சோதித்த விதம். பல மொழி விக்கிபீடியாக்களிலிருந்து சொற்களை எடுத்து, விண்டோஸின் யுனிஸ்கிரைப் எப்படிக் கோக்கிறதோ, அதே போல ஹார்ப்பஸும் கோக்கிறதா என்று ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டார்கள். தமிழில் மட்டும் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட சொற்கள் இப்படிச் சோதிக்கப்பட்டன.

அதன் பின் நடந்ததைப் பாருங்கள். லிப்ரே ஆபீஸ் முதலில் லினக்ஸில் ஹார்ப்பஸுக்கு மாறியது. ஆனால் விண்டோஸில் யுனிஸ்கிரைப்பையும், மேக்கில் ஆப்பிளின் லைப்ரரியையும் பயன்படுத்தி வந்தது. 2017 பிப்ரவரியில் வந்த 5.3 பதிப்பிலிருந்து மூன்று சிஸ்டத்திலும் ஹார்ப்பஸ் ஒன்றே. மூன்று அடுப்பு போய் ஒரே அடுப்பு! கூகுள் குரோம், பயர்பாக்ஸ், ஆண்ட்ராய்டு எல்லாம் இதையே பயன்படுத்துகின்றன. 2020ல் குரோமியம் அடிப்படைக்கு மாறிய மைக்ரோசாப்டின் எட்ஜ் பிரவுசரிலும் இதுதான் இருக்கிறது. அச்சுத் தொழிலில் பயன்படும் அடோபி இன்டிசைனிலும் வந்துவிட்டது. உங்கள் கம்ப்யூட்டரிலும் ஆண்ட்ராய்டு போனிலும் இந்த நிமிடம் ஹார்ப்பஸ் இருக்கிறது, பெயர்தான் வெளியே தெரிவதில்லை. ஆண்ட்ராய்டின் தொடக்க காலத்தில் தமிழைப் படிக்க ஓப்பரா மினியில் எழுத்தைப் படமாக வரவழைத்து ஒப்பேற்றிய காலம் மறைந்ததற்கு இதுவும் ஒரு முக்கியக் காரணம்.

எல்லா சிஸ்டத்துக்கும் எழுதுவது ஏன் கடினம்?

ஒரே சோர்ஸ் கோடை மூன்று சிஸ்டத்துக்கும் பில்ட் செய்வது என் தினசரி வேலையில் ஒரு பகுதி. அதில் வரும் தடைகளில் சிலவற்றைச் சொல்கிறேன். புரோகிராமிங் தெரியாதவர்களுக்கும் புரியும்.

போல்டர் பெயர்களைப் பிரிக்க விண்டோஸில் ஒரு பக்கம் சாயும் கோடு, லினக்ஸில் மறுபக்கம் சாயும் கோடு. விண்டோஸில் பைல் பெயரில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வித்தியாசம் பார்ப்பதில்லை. லினக்ஸில் பார்க்கும். இவை சில்லறைப் பிரச்னைகள்.

அடுத்தது பெரியது. சி மொழியில் அகல எழுத்து என்று ஒரு வகை உண்டு. விண்டோஸில் அதற்கு 2 பைட், லினக்ஸிலும் மேக்கிலும் 4 பைட். அப்படியானால் கோயம்புத்தூர் என்ற சொல் ஓரிடத்தில் 26 பைட், இன்னோரிடத்தில் 52 பைட். இதை நம்பி எழுதிய லைப்ரரி, ஊர் மாறினால் தடுமாறும். யு.டி.எப்.-8 முறையில் எழுதினால் எங்கும் 39 பைட்தான். எனவே புதிதாக எழுதுகிறவர்கள் இந்த முறையையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

டி.எல்.எல். பைலுக்குள் உள்ள எந்த வேலைகளை வெளியே உள்ள புரோகிராம்கள் அழைக்கலாம் என்று விண்டோஸில் வெளிப்படையாக எழுதிக் கொடுக்க வேண்டும். லினக்ஸில் எழுதாவிட்டால் எல்லாமே வெளியே தெரியும். லினக்ஸில் நன்றாக ஓடிய லைப்ரரியை விண்டோஸில் பில்ட் செய்தால், உள்ளே எல்லாம் இருந்தும் கதவு மட்டும் பூட்டியிருக்கும். மெமரி விஷயத்திலும் கவனம் வேண்டும். லைப்ரரி வாங்கிய மெமரியை லைப்ரரியே திருப்பித் தர வேண்டும். புரோகிராம் திருப்பித் தந்தால் லினக்ஸில் பெரும்பாலும் தப்பித்துவிடலாம், விண்டோஸில் கிராஷ் ஆகும். ஹார்ப்பஸ் உள்ளே சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், வெளியே எல்லா கம்பைலருக்கும் பொதுவான சி மொழி வாசலையே வைத்திருக்கிறது. எங்கும் பொருந்துவதற்கு இதுவும் காரணம்.

தமிழுக்கே உரிய ஒரு சிக்கலும் உண்டு. ஓகாரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம், இரட்டைக் கொம்பு, கால் என இரண்டு எண்ணாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்கிறது யூனிகோட். மேக்கில் 2017க்கு முன் இருந்த பைல் சிஸ்டம், கோவை என்று நீங்கள் பெயரிட்டால் அதைப் பிரித்து இரண்டாவது முறையில்தான் சேமிக்கும். அந்த பைலை லினக்ஸுக்கோ விண்டோஸுக்கோ கொண்டு வந்தால் கண்ணுக்குக் கோவை என்றே தெரியும். நீங்கள் கோவை என்று டைப் செய்து அழைக்கும் புரோகிராமோ, அப்படி ஒரு பைல் இல்லை என்று கைவிரிக்கும். ஒரே போல்டரில் கோவை என்ற பெயரில் இரண்டு பைல்கள்கூட இருக்க முடியும்! இதைச் சரி செய்யும் வசதி ஐ.சி.யு. போன்ற பொது லைப்ரரிகளில் உள்ளது. 2017 முதல் விண்டோஸ் 10லும் மைக்ரோசாப்ட் அதைச் சேர்த்துவிட்டது. இதை ஒவ்வொருவரும் புதிதாக எழுத முயல்வது வீண் வேலை.

எல்லாரும் ஒரே லைப்ரரியா? ஆபத்தில்லையா?

நல்ல கேள்வி. சைசிங் மில்லில் கஞ்சி கெட்டால் ஊரில் எல்லா தறியும் நிற்கும். 2018 பிப்ரவரியில் ஐபோனில் இப்படித்தான் ஆனது. ஒரு குறிப்பிட்ட தெலுங்குக் கூட்டெழுத்து மெசேஜில் வந்தால், அதைத் திறந்த பல புரோகிராம்கள் கிராஷ் ஆயின. காரணம், அந்த புரோகிராம்கள் எழுத்துக்கு ஆப்பிளின் ஒரே லைப்ரரியை நம்பியிருந்தன. சில நாட்களில் ஆப்பிள் அப்டேட் கொடுத்துச் சரி செய்தது.

ஆனால் இதே நிகழ்ச்சி இன்னொன்றையும் காட்டுகிறது. ஒரே இடத்தில் திருத்தியதும் எல்லா புரோகிராமும் ஒன்றாகக் குணமாகிவிட்டன. ஒவ்வொரு புரோகிராமும் தனி லைப்ரரி வைத்திருந்தால், ஒவ்வொன்றும் திருந்தும் வரை காத்திருக்க வேண்டும். ஆப்பிளின் லைப்ரரி மூடியது என்பதால் பயனாளர் காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஓப்பன் சோர்ஸ் லைப்ரரியில் என்றால், தெலுங்கு தெரிந்த ஒரு புரோகிராமர் எந்த ஊரிலிருந்தும் திருத்தி அனுப்பலாம். எனவே பொது லைப்ரரி என்பதோடு, அது திறந்ததாகவும் இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

நாம் செய்ய வேண்டியது

முதலில் வீட்டு உபயோகிப்பாளர்களுக்கு. டி.எல்.எல். பைல் இல்லை என்று செய்தி வந்தால், கண்ட தளத்திலிருந்து அந்த ஒற்றை பைலை இறக்காதீர்கள். வைரஸ் வர அது சுலபமான வழி. பதிப்பும் பொருந்தாது. தொடக்கத்தில் சொன்ன பைல், மைக்ரோசாப்ட் தளத்தில் விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள் என்ற பெயரில் இலவசமாகக் கிடைக்கும் தொகுப்பில் உள்ளது. அதை இன்ஸ்டால் செய்திடுங்கள். மற்ற பைல்கள் என்றால் அந்த புரோகிராமையே நீக்கிவிட்டு, அதை உருவாக்கியவரின் தளத்திலிருந்து மறுபடி இன்ஸ்டால் செய்திடுங்கள். தமிழை யூனிகோடிலேயே டைப் செய்திடுங்கள். பழைய பான்டில் எழுதியவை அந்த பான்ட் இருக்கும் கம்ப்யூட்டரில் மட்டுமே வாழும். தமிழ் சாப்ட்வேர் வாங்கும் முன், இது லினக்ஸிலும் மேக்கிலும் ஓடுமா என்று ஒரு கேள்வி கேளுங்கள். உங்களிடம் விண்டோஸ் மட்டுமே இருந்தாலும் கேளுங்கள். மூன்றிலும் ஓடும்படி எழுதியவர், அடுத்த விண்டோஸ் வரும்போதும் உங்களைக் கைவிட மாட்டார்.

அடுத்து நம் பகுதி மாணவர்களுக்கு. கோவையிலிருந்து பெருந்துறை, சத்தியமங்கலம் வரை எத்தனை இன்ஜினியரிங் கல்லூரிகள்! ஆண்டுதோறும் இறுதியாண்டு புராஜெக்ட் என்று எத்தனை தமிழ் எடிட்டர்கள், எத்தனை தமிழ் அகராதிகள் எழுதப்படுகின்றன! பெரும்பாலானவை ஒரே சிஸ்டத்தில் ஓடும். மார்க் வாங்கியதும் சிடியோடு பீரோவுக்குள் போய்விடும். அதில் உள்ள நல்ல பகுதியை மட்டும் பிரித்து, ஒரு சிறிய லைப்ரரியாக, மூன்று சிஸ்டத்திலும் பில்ட் ஆகும்படி கொடுத்தால், அதன் மேல் மற்றவர்கள் கட்டிக்கொள்வார்கள்.

இதற்கு முன்மாதிரிகள் உண்டு. எழில் என்ற தமிழ் புரோகிராமிங் மொழியை உருவாக்கிய முத்தையா அண்ணாமலையும் நண்பர்களும் ஓப்பன் தமிழ் என்ற பைதான் லைப்ரரியை வளர்த்து வருகிறார்கள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் ஓடுகிறது. சாதாரண பைதான், கோயம்புத்தூர் என்றால் 13 என்று எண்ணும். ஓப்பன் தமிழ் 7 என்று சரியாக எண்ணும். சிறிய வேலைதான், ஆனால் ஒரு முறை சரியாகச் செய்து வைத்ததால் மற்றவர்கள் செய்ய வேண்டியதில்லை. ஹன்ஸ்பெல் என்ற ஸ்பெல் செக் லைப்ரரியையும் பாருங்கள். ஹங்கேரி நாட்டுக்காரர் தன் மொழிக்காக எழுதினார். நம் மொழியைப் போலவே அதுவும் சொல்லோடு விகுதிகள் ஒட்டிக்கொண்டே போகும் மொழி. அவர் எல்லா சிஸ்டத்துக்கும் பொருந்தும்படி எழுதியதால் லிப்ரே ஆபீஸ், பயர்பாக்ஸ், குரோம் எல்லாம் அதை எடுத்துக்கொண்டன. தமிழுக்கும் சொற்பட்டியல் தயாரித்துக் கொடுத்தால் போதும் என்றாகிவிட்டது. தமிழர் ஒருவர் எழுதும் சந்திப் பிழை திருத்தும் லைப்ரரி, நாளை எல்லா பிரவுசரிலும் இருக்கக் கூடாதா?

மூன்றாவதாக அரசுக்கு. தமிழ் சாப்ட்வேருக்குப் பொதுப் பணம் செலவிடும்போது ஒரு நிபந்தனை போட்டால் போதும். சாப்ட்வேரின் உயிரான பகுதி தனி லைப்ரரியாக, சோர்ஸ் கோடோடு, மூன்று சிஸ்டத்திலும் பில்ட் ஆகும்படி ஒப்படைக்கப்பட வேண்டும். கல்லூரிகளில் இயங்கும் கணித்தமிழ்ப் பேரவைகள் அவற்றைச் சோதித்துப் பார்க்கும் பொறுப்பை ஏற்கலாம். பத்து லட்சம் சொற்களைச் சோதிக்க வெளிநாட்டுக்காரர் ஒருவருக்குப் பொறுமை இருந்ததென்றால், நமக்கு இருக்காதா?

ஒரு சாப்ட்வேரின் முகப்பு பத்து ஆண்டுகளில் பழசாகிவிடும். ஆப்பரேட்டிங் சிஸ்டம் மாறும், கம்பெனிகள் மாறும். உள்ளே இருக்கும் நல்ல லைப்ரரி மட்டும் ஒரு சிஸ்டத்திலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் பிழைத்துக்கொண்டே இருக்கும். தமிழை அதில் ஏற்றி வைப்பதுதான் பத்திரம்.